சொல்லிக்கொடுத்த நடை

மோரேயில் யாரும் அடையாள அட்டையைப் பத்திரப்படுத்துவதில்லை, காலைத்தான் பத்திரப்படுத்துவார்கள். செருப்பு கடித்தால் அன்றைக்கே மருந்து, சுளுக்கு என்றால் அந்த நிமிஷமே எண்ணெய். ஊரில் செருப்புத் தைக்கிறவர், சுளுக்கு எடுக்கிறவர் காட்டில் நல்ல மழை. எல்லாம் அந்தப் பாய் செய்த வேலை.

பாய் என்றால் படுக்கிற பாய் அல்ல. மணிப்பூரின் ஓரத்தில், இந்தியா முடிந்து பர்மா தொடங்குகிற இடத்தில் ஓர் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். பாலத்தின் இந்தியப் பக்க முனையில் கறுப்பு ரப்பரில் நீளமாக ஒரு விரிப்பு போட்டிருந்தார்கள். அரசாங்கம் அதற்கு நடைவாசல் என்று பெயர் வைத்தது. ஊர் பாய் என்றது. அதன் மேல் நடந்தால் நீங்கள் யார் என்று அதற்குத் தெரிந்துவிடும். பாதம் எங்கே அழுந்துகிறது, குதிகால் எப்போது எழும்புகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் அதற்குக் கணக்கு. முகத்தை மாற்றலாம், தாளை மாற்றலாம், நடையை மாற்ற முடியாது என்பது அதைச் செய்தவர்களின் நம்பிக்கை. பாயின் ஓரத்து விளக்கு பச்சை என்றால் யானையே வந்தாலும் காவலர்கள் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள்.

அந்த ஊர்த் தமிழர்களுக்கு நடை புதிதல்ல. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்து, அங்கே ஒட்டாமல், மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, தடுத்த இடத்திலேயே அடுப்பு மூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். போவதும் வருவதும் ரத்தத்திலேயே இருந்தது. பாய் வந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர்கள் வரிசையில் நிற்கிற தொல்லை விட்டதே என்று சந்தோஷப்பட்டார்கள்.

பஞ்சவர்ணமும் சந்தோஷப்பட்டவர்களில் ஒருத்திதான். பாய் முடிகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அவளுக்கு ஓர் அத்தோக் கடை. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோசும் புளிக்கரைசலும் பூண்டு எண்ணெயும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பாள். காலையில் இங்கே விற்றுவிட்டு, மதியம் ஒரு தூக்குச்சட்டியோடு பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கச் சந்தையில் விற்பாள். போகும்போது ஒரு பச்சை, வரும்போது ஒரு பச்சை. பாய்க்கு அவளை நன்றாகத் தெரியும்.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. ஒரே மகள் அல்லி. அவளை அந்தப் பக்கம் தமு என்கிற ஊரில், செல்போன் பழுது பார்க்கிற வீரபத்திரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். பாலத்தைத் தாண்டினால் மகள் வீடு. இதைவிட வேறென்ன வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிறகு அங்கே சண்டை வந்தது. யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது வாரத்துக்கு ஒருமுறை மாறியது, குண்டு விழுவது மட்டும் மாறவில்லை. அந்த நேரம் பார்த்து அல்லி முழுகாமல் இருந்தாள். தமு ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே டாக்டரும் ஒருநாள் காணாமல் போனார். மிச்சமிருந்த நர்ஸ் அல்லியின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டு, "ரத்த அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. பிரசவத்தை இங்க வச்சுக்காத. டாக்டர் இருக்கிற இடத்துக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பஞ்சவர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே சிந்தனைதான். அல்லியை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவருவதில்தான் சிக்கல். பாயிடம் இருந்தது அல்லியின் கன்னிப்பெண் நடை. கல்யாணத்துக்கு முன்னால் பதிந்தது. வயிறு தள்ளினால் நடை மாறும், மாறினால் மறுபதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதி. மறுபதிவு செய்கிற அறையோ பாய்க்கு இந்தப் பக்கம். அதற்குள் போகப் பாயைத் தாண்டியாக வேண்டும். இந்த விதியை எழுதிய மகராசன் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

போதாக்குறைக்குச் சந்தையில் ஒரு பேச்சு. போதைத் தூளை உருண்டையாக உருட்டி, ரப்பர் உறையில் கட்டி, விழுங்கிக்கொண்டு பாலம் கடக்கிறவர்கள் உண்டு. முழுங்கி என்று ஊரில் பெயர். அப்படி ஒரு கர்ப்பிணியும் வந்து பிடிபட்டாளாம், அதிலிருந்து வயிற்றுப்பிள்ளைக்காரி யார் வந்தாலும் திருப்பி அனுப்புகிறார்களாம், இல்லையென்றால் எக்ஸ்ரே மெஷினுக்குள் தள்ளுகிறார்களாம். பஞ்சவர்ணம் அதை அப்படியே நம்பினாள். பாயைக் கவனித்துக்கொள்கிற சோலைமலை உள்ளூர்க்காரர், தினமும் அவள் கடையில்தான் சாப்பிடுவார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விவரம் சொல்லியிருப்பார். கேட்டால் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து அவள் கேட்கவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

பாய்க்கு வேண்டியது கன்னிப்பெண் நடைதானே? அதையே கொடுத்துவிட்டால் போகிறது.

அன்றிலிருந்து தினமும் மதியம் சந்தை முடிந்ததும் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அடுப்படியிலிருந்து பின்வாசல் வரை அல்லியை நடக்கவிட்டுப் பின்னாலேயே போவாள்.

"இடுப்பைச் சாய்க்காத. என்னத்துக்குடி வாத்து மாதிரி வாரே?"

"வயித்துல உன் பேரப்புள்ள இருக்கும்மா. பலூனா இருக்கு?"

"இருக்கட்டும். இருக்கிறது உனக்குத் தெரியணும், எனக்குத் தெரியணும். பாய்க்குத் தெரியக் கூடாது. காலை அகட்டாத. முன்பாதத்தை ஊன்று. ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னா எப்படிப் போவே, அப்படிப் போ."

"ஸ்கூலுக்கு எந்தக் காலத்துல வேகமாப் போனேன்?"

வாசலில் உட்கார்ந்து ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்த வீரபத்திரன் தலையைத் தூக்காமலே சிரித்தான். "அத்தை, இதுக்குப் பேசாம என்னையே அல்லின்னு அனுப்பிருங்க. நான் நல்லா நடப்பேன்."

"உங்க நடை எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? பாய் நெருப்புப் புடிச்சிரும்" என்று அவள் பதிலுக்குச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அல்லியும் சிரித்துக்கொண்டே முதுகை நிமிர்த்தி நடந்தாள். போகப்போக நன்றாகவே நடந்தாள். கடைசியில் தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கன்னிப்பெண் மாதிரிதான் போனாள். பஞ்சவர்ணத்துக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ரொம்பப் பெருமை.

சண்டை சற்று ஓய்ந்து சாலை திறந்த அன்று காலையே கிளம்பிவிட்டார்கள். வீரபத்திரனுக்குப் பாயில் பதிவு இல்லை. பதிவில்லாதவர்களைச் சண்டை முடியும்வரை விடுவதில்லை என்று அறிவிப்பு. அவன் பாலத்தின் அந்த முனை வரை வந்து பையைக் கொடுத்தான். அல்லியின் தலையில் கை வைத்தான், அங்கேயே நின்றுகொண்டான்.

முதலில் பஞ்சவர்ணம் நடந்தாள். பச்சை. திரும்பிப் பார்த்தாள். அல்லி பாயில் கால் வைத்தாள். நிமிர்ந்த முதுகு, ஒட்டிய முழங்கால், முன்பாதம். ஒரு பிசகு இல்லை. பயந்துகொண்டே நின்ற தாய்க்கே, என்ன அழகாக நடக்கிறாள் என்று தோன்றியது.

பாதிப் பாயில் விளக்கு சிவப்பாயிற்று. கூவுகிற சத்தம் எதுவும் இல்லை, சிவப்பு மட்டும்தான். இரண்டு காவலர்கள் தலையைத் தூக்கினார்கள்.

பக்கத்து அறையில் அவர்களை உட்கார வைத்தார்கள். சுவரில் இருந்த திரையில் தமிழிலும் எழுத்து வந்தது: வயிற்றில் சுமை. மறைக்கப்படுகிறது.

ஆய்வாளர் ஜெபராணி உள்ளே வந்தார். தூத்துக்குடிக்காரர், மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதிகம் பேசாதவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. பஞ்சவர்ணம் எழுந்து கும்பிட்டாள்.

"மேடம், என் மக மேடம். உண்டாயிருக்கா. வயித்தைப் பாத்தாலே தெரியும்."

"உண்டாயிருக்கது தெரியுதும்மா. அதோட வேற என்ன இருக்குன்னுதான் கேக்குதேன்."

"வேற என்ன மேடம் இருக்கும்?"

ஜெபராணி நாற்காலியை இழுத்து அல்லிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "போன மாசம் இதே மாதிரி ஒரு பொண்ணு வந்துச்சு. இதே வயசு. பாய் சிவப்பு காட்டுச்சு. நான் வயித்தைத் தொட்டுப் பாத்தேன். பிள்ளை உதைச்சுது. பாவம், பிள்ளைத்தாச்சி, மெஷின் தப்பாச் சொல்லுதுன்னு நானே அனுப்பிவிட்டேன். இம்பால் போற மலைப்பாதையில அவ வயித்துக்குள்ள ஓர் உருண்டை உடைஞ்சுபோச்சு. பஸ்ஸை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டாங்க. நான் போயிச் சேருதுக்குள்ள ரெண்டு உயிரும் இல்ல." அவர் அல்லியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "முழுங்க வச்சவன் இன்னும் வெளியதான் இருக்கான். அதனால இனிமே இரக்கப்பட்டு யாரையும் விடுறதில்லைன்னு வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். பிள்ளைக்கு ஆகாதே மேடம் என்றாள் பஞ்சவர்ணம். தெரியும், ஆனால் இங்கே இருக்கிற மெஷின் அது ஒன்றுதான் என்றார் அவர். எடுக்க மாட்டோம் என்றால் வந்த வழியே திரும்பிப் போகலாம். ஆனால் சிவப்பு விழுந்த நடை சிவப்புதான், அதற்குப் பிறகு அல்லி எந்தக் காலத்திலும் இந்தப் பாயைத் தாண்ட முடியாது. முடிவைச் சொல்லுங்கள் என்றுவிட்டு வெளியே போனார்.

பஞ்சவர்ணம் மகளைப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன நினைப்பு அவளுக்கு வந்தது. மகள் நடந்ததில் ஒரு குறையும் இல்லை. தானே சொல்லிக்கொடுத்து, தானே பார்த்துத் திருத்திய நடை. பிறகு ஏன் சிவப்பு? இத்தனை வருஷத்தில் பாய் ஒருவரைப் பொய்யாகச் சொல்லி அவள் பார்த்ததில்லை. அப்படியென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. போன வாரம் வீரபத்திரன் கடையில் முன்பின் பார்க்காத இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்களே, அவர்கள் யார்? படைக்கு ஆள் பிடிக்கிறார்கள், உன் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறோம், பதிலுக்கு உன் பெண்டாட்டி ஒன்று செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தால்? மருமகன் தங்கமானவன்தான். பயம் யாரை விட்டது?

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அல்லி. மாப்பிள்ளை உனக்கு ஏதாச்சும் குடுத்தாரா? முழுங்கச் சொல்லி?"

அல்லி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் திரண்டது.

"நீயா கேக்குற? நீயா இதைக் கேக்குற?"

"இல்லடி, மெஷின் சொல்லுதே..."

"மெஷின் சொன்னா? காலையில இருந்து பச்சைத்தண்ணி தவிர ஒண்ணும் என் வயித்துக்குள்ள போகல. வேணும்னா எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு. உன் நெஞ்சு ஆறட்டும்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். பஞ்சவர்ணத்துக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

சோலைமலை ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், அல்லியைச் சின்னதிலிருந்து பார்த்தவர். முகம் வாடிக் கிடந்தது.

"என்னக்கா இப்படி ஆயிப்போச்சு?" என்றார்.

"நீயே சொல்லு சோலை. ஆள் அல்லிதான்னு பாய்க்குத் தெரியலையா?"

"ஆள் தெரியுதுக்கா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது ஆளை மட்டும் பாக்கல. சுமை எங்க இருக்கு, அதை ஒளிக்கிறாங்களான்னு பாக்குது. கையில எவ்வளவு வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க, ஒண்ணும் சொல்லாது. நீங்க தூக்குச்சட்டியோட போறீங்க, வர்றீங்க, என்னைக்காச்சும் மறிச்சுதா? பாரம் இருக்கணும், இல்லாத மாதிரி நடக்கணும், அப்பத்தான் அதுக்குக் கோவம் வரும். முழுங்கிங்க அப்படித்தான் நடப்பாங்க. வயித்தை எக்கிக்கிட்டு, விறைப்பா."

"அப்ப பிள்ளைத்தாச்சிங்க?"

"அவங்க நடை அதுக்கு அத்துபடி. ஆயிரக்கணக்கான பொம்பளைங்களை நடக்க வச்சுப் பழக்கியிருக்காங்க. இடுப்பைப் பின்னால சாய்ச்சு, காலை அகட்டி, பாதத்தை முழுசா வச்சு ஆடி ஆடி வருவாங்கள்ல, அப்படி வந்தா மஞ்சள் விளக்குதான். பேரைக் கேட்டு, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, புது நடையைப் பதிஞ்சு அனுப்பிருவோம். நேத்துகூட ஒரு பொண்ணு போச்சு. அல்லிதான் பாவம் என்னத்துக்கோ பரேடுக்குப் போற மாதிரி நடந்துச்சு."

பஞ்சவர்ணம் கையை நீட்டினாள். சொம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். மகளை ஒளிக்கப் பழக்கியது வேறு யாருமில்லை. மத்தியானம் மத்தியானமாக ஓடி ஓடிப் போய், அருமையாகப் பாராட்டி, அவள்தான் பழக்கினாள். சும்மா விட்டிருந்தால் இந்நேரம் மகள் கடையில் உட்கார்ந்திருப்பாள்.

அல்லியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையை விலக்கி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அழுகையைவிட மோசமாக இருந்தது.

பஞ்சவர்ணம் எழுந்தாள். "மேடத்தைக் கூப்பிடு சோலை."

"அக்கா, என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க முதல்ல."

"உங்கிட்ட சொன்னா நீ வேணாம்பே. கூப்பிடு."

பாயை ஏமாற்ற நடை சொல்லிக்கொடுப்பது குற்றம். அது ஊருக்கே தெரியும், பாலத்துத் தூணில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பிடிபட்டால் சொல்லிக்கொடுத்தவரின் நடையைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். பஞ்சவர்ணத்துக்கு அதற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். மதியச் சந்தை போய்விடும், மருமகனைப் பார்க்கப் போக முடியாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாதி உலகம் போய்விடும். ஜெபராணி வந்து நின்றதும் அவள் முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அடுப்படி, பின்வாசல், முன்பாதம், வாத்து, ஒன்றையும் விடவில்லை.

ஜெபராணி குறுக்கே பேசாமல் கேட்டார். "சொல்லிக்கொடுத்தது தப்புன்னு தெரியும்லா?"

"தெரியும் மேடம். எனக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. என் மகளை இன்னொரு தடவை நடக்க விடுங்க. அவ நடையா நடக்கட்டும்."

"நீங்க சொல்லுறது பொய்யா இருந்தா?"

"பொய்யா இருந்தா பாய் சொல்லிரும்ல."

ஜெபராணி சோலைமலையைப் பார்த்தார். "உள்ள உருண்டை இருந்தா தளர்வா நடக்க வராது மேடம். குடல் விடாது" என்றார் அவர். ஜெபராணி ஜன்னல் வழியே பாயைப் பார்த்தார். "ஒரு தடவை" என்றார்.

அல்லியை மறுபடி பாயின் அந்த முனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சும்மா நட, உன் பாட்டுக்கு நட என்றார் சோலைமலை. அல்லி ஒரு காலை எடுத்து வைத்தாள், பாயைத் தொடுவதற்கு முன்பே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வரலம்மா" என்றாள். "சும்மா நடக்கிறது எப்படின்னே மறந்துபோச்சு."

அவள் முதுகு நிமிர்ந்தே இருந்தது, முழங்கால் ஒட்டியே இருந்தது. பயம் வேறு சேர்ந்து விறைப்பு இரண்டு மடங்காகியிருந்தது. இப்படியே கால் வைத்தால் மறுபடி சிவப்புதான். காவலர்கள் பார்க்கிறார்கள், ஜெபராணி பார்க்கிறார், தாய் பார்க்கிறாள். இத்தனை பேர் பார்க்கும்போது உலகத்தில் எவளால் சும்மா நடக்க முடியும்?

பஞ்சவர்ணத்துக்கு மகளை இருபத்துச் சொச்சம் வருஷமாகத் தெரியும். அவளுக்குப் பயத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஜெபராணியிடம் வந்து, "மேடம், என்னைக் கடை வரைக்கும் விடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, சொன்னா காரியம் கெட்டுரும்" என்றாள். ஜெபராணி ஒரு காவலரைக் கூடவே அனுப்பினார்.

அவள் திரும்பி வந்தபோது கையில் பெரிய தட்டும் இரண்டு மூன்று கிண்ணங்களும் இருந்தன. பாய் முடிகிற இடத்தில், மகளுக்கு நேர் எதிரே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நூடுல்ஸைக் கொட்டி, முட்டைக்கோசைத் தூவி, புளிக்கரைசல் ஊற்றினாள். பூண்டு எண்ணெயைச் சுற்றிலும் விட்டதும் வாசனை காற்றோடு பாயின் நீளத்துக்கும் போயிற்று. கையால் பிசைந்தாள். பிசைந்து, அல்லியை ஏறெடுத்தும் பார்க்காமல், ஒரு வாய் அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது வாயும் போட்டுக்கொண்டாள்.

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அந்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவர் நினைத்திருக்க வேண்டும்.

"யம்மா" என்றாள் அல்லி அந்த முனையிலிருந்து.

பஞ்சவர்ணம் மூன்றாவது வாயை மென்றாள்.

"யம்மா! வெங்காயம் போடலயே நீ!"

"எனக்கு இதே போதும்" என்றாள் பஞ்சவர்ணம் தட்டைப் பார்த்தபடி. "ரெண்டு வாய்தானே இருக்கு. முடிச்சுருவேன்."

"முடிச்சுருவியா? காலையில இருந்து பட்டினியா நிக்கிறேன் நான். எம்மேல சந்தேகமும் பட்டுட்டு, எனக்கு வைக்காமத் தின்னுட்டும் உக்காந்திருக்கியா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"ஏன், நின்ன இடத்துலயே கத்துறே? வேணும்னா வந்து தின்னு."

அல்லி வந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையை அம்மாவை நோக்கி நீட்டித் திட்டிக்கொண்டே வந்தாள். வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். காலை அகட்டி, பாதம் முழுவதும் பதிய, ஆடி ஆடி, மூச்சு வாங்க, "வெங்காயம் எங்க, அந்தக் கிண்ணத்துலயா ஒளிச்சு வச்சிருக்க" என்று கேட்டுக்கொண்டே பாய் முழுவதையும் நடந்து முடித்துத் தட்டுக்கு எதிரே வந்து நின்றாள். குனிய முடியவில்லை. "கையைக் குடு" என்று அம்மாவையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விளக்கு மஞ்சளாக எரிந்து கொண்டிருந்தது. அது எப்போது எரிந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. முதல் வாய் உள்ளே போன பிறகுதான் அம்மா முகத்தைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள், மூக்கைத் துடைக்க முடியாமல் கையெல்லாம் புளி.

"வந்துட்டேனா?" என்றாள் அல்லி.

"வந்துட்டடி என் தங்கமே. தின்னு. வெங்காயம் இந்தா."

சோலைமலை ஓடிவந்தார். "சுமை உண்டு, மறைக்கலன்னு வந்திருக்கு மேடம். கர்ப்பிணின்னு எழுதிருச்சு." ஜெபராணி அருகே வந்து குத்துக்காலிட்டு அமர்ந்து அல்லியின் தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. மலைப்பாதையில் நின்ற ஒரு பஸ்ஸை அவர் நினைத்திருக்கலாம். "சாப்பிட்டு முடி. ஜீப்புல ஆஸ்பத்திரிக்கு அனுப்புதேன்" என்றார். பிறகு எழுந்து பஞ்சவர்ணத்தைப் பார்த்தார், முகம் பழையபடி இறுகியிருந்தது.

"ஆனா தப்பு தப்புதான்மா. நீங்களே ஒத்துக்கிட்டீங்க. உங்க நடையை நீக்கித்தான் ஆகணும். இன்னைக்கு ஒருத்தரை விட்டா, நாளைக்கு முழுங்கிக்கு நடை சொல்லிக் கொடுக்கிறவனும் இதையே சொல்லுவான்."

"நீக்குங்க மேடம்" என்றாள் பஞ்சவர்ணம். மனசாரத்தான் சொன்னாள். "ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வந்துடறேன். மருமகப்பிள்ளை காலையில இருந்து பாலத்து முனையில நிக்கிறாரு. என்ன ஆச்சுன்னு தெரியாம நிக்கிறாரு பாவம். சொல்லிட்டு வந்ததும் நீக்கிக்கங்க. அவரை மனசுக்குள்ள ஒரு வார்த்தை தப்பா நெனச்சுட்டேன், அதுக்கும் சேத்து ஒரு வாய் அத்தோ குடுத்துட்டு வந்துடறேன்."

ஜெபராணி தலையசைத்தார். பஞ்சவர்ணம் ஓர் இலையில் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு பாயில் ஏறினாள். பாதி தூரம் போயிருப்பாள். விளக்கு சிவப்பாயிற்று.

காவலர்கள் மறுபடி தலையைத் தூக்கினார்கள். பஞ்சவர்ணம் அப்படியே நின்றாள். "இப்ப நான் என்ன சாமி பண்ணேன்?" என்றாள்.

ஜெபராணி அறைக்குள் போய்த் திரையைப் பார்த்தார். "என்ன சொல்லுது?"

"ஆள் பொருந்தலன்னு சொல்லுது மேடம்" என்றார் சோலைமலை. தலையைச் சொறிந்தார். "தினமும் நடக்கிறவங்க நடையைப் பாய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தி எழுதிக்கும். ஏழெட்டு மாசமா அக்கா நடை கனமாகிட்டே வந்திருக்கு. கையில ஒண்ணும் இல்லாதப்பக்கூட. இதுதான் இவங்க நடைன்னு அது எழுதி வச்சிருச்சு. இப்ப அந்தக் கனத்தைக் காணோம். அதான், பெரிய சுமை ஒண்ணை இந்தப் பக்கம் இறக்கிட்டுப் போறாங்க, பிடிச்சு விசாரின்னு சொல்லுது."

ஜெபராணி திரையை ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார். வெளியே, தரையில் உட்கார்ந்து தட்டை வழித்துக்கொண்டிருந்த அல்லியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்; அவர் சிரித்துச் சோலைமலை பார்த்தது அதுதான் முதல்முறை.

"அந்தப் பழைய நடையை நீக்கிரு" என்றார்.

சோலைமலையின் கை தயங்கியது. "மேடம்..."

"சட்டம் சொல்லுதுல்லா? நீக்கு."

அவர் நீக்கினார். "ஆச்சு மேடம்."

"இப்ப நடந்தாங்கள்லா, இதைப் புதுசாப் பதிஞ்சுக்கோ. புதுப் பதிவு போடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல." ஜன்னலைத் திறந்து குரல் கொடுத்தார். "யம்மா, ஒண்ணுமில்ல, போங்க! முதல்ல இருந்து ஒரு தடவை நடங்க. இப்ப நடந்த மாதிரியே நடங்க!"

இப்போது எப்படி நடந்தோம் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. பாலத்தின் அந்த முனையில் வீரபத்திரன் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாயின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து, இலைப் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். "வந்துட்டா மாப்பிள்ளை, வந்துட்டா!" என்று கத்திக்கொண்டே போனாள். பாய் முடிந்து பாலம் தொடங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.